திருகோணமலைக் கோட்டை மனைகள்: ஒரு மதிப்பீடு

திருக்கோணேசப் பெருமானை வழிபடச் செல்லும் அடியார் எவரும் பிரட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே சுவாமிமலையின் உச்சியை அடைதல் வேண்டும். வாயிலுக்கும் ஆலயத்துக்கும் இடையிலுள்ள ஏற்றப் பாதையில் மரநிழலில் புள்ளிமான்கள் மேய்வதைச் சிறுவர் கண்டு மகிழ்வர். முதியோர் கடற்காற்றில் இளைப்பாறுவர். ஆயின், அப்பாதையின் அருகே நிற்கும் பழைய ஆங்கிலேயர் காலத்து மனைகளை ஏறெடுத்துப் பார்ப்போர் மிகச் சிலரே. பத்தியோடு செல்பவர் கண் பதியை நாடுதல் இயல்பு, அதிற் குறையில்லை. எனினும், ஒரு நகரத்தின் கலைச் செல்வத்தை மதிப்பிடப் புகுவோர் அம்மனைகளையும் நின்று நோக்குதல் கடன். அவை கலையழகு உடையனவா? காக்கத் தக்கனவா? கோயிலை இழந்த மக்கள், கோயிலை இடித்த கோட்டையினுள் எழுந்த வீடுகளைப் பேணுதல் முறையாகுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் தகும். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பாடிய திருக்கோணமலைத் திருக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1622 – 1624 ஆண்டுக் காலத்தில் தகர்த்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எடுத்தனர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு ஒன்றினுள்ளேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறி அதனைப் பிடித்தனர். பின்னர் ஒல்லாந்தர் மீளப் பெற்றனர். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். இம்முறை நிலைத்து நின்றனர். 1803இல் யோர்க் கோமகனாகிய பிரட்றிக்கின் பெயர் கோட்டைக்கு இடப்பட்டது. அன்று தொட்டு 1957ஆம் ஆண்டு ஒற்றோபர் 15ஆந் திகதி கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்ட நாள் வரை, கோட்டையிலும் துறைமுகத்தை அடுத்த தளப்பகுதியிலும் படையதிகாரிகளும் தள அலுவலரும் வாழ்ந்தனர். அவர்கள் வாழ்வதற்கென எழுப்பப்பட்டும் திருத்தப்பட்டும் வந்த மனைகளே ஈண்டு ஆராயப்படுவன. அவற்றுட் சில விக்டோரியா அரசி முடிசூடுமுன்னரே தோன்றியவை. எனினும், இன்று நாம் காணும் பொதுவடிவம் அவ்வரசியின் ஆட்சியாகிய 1837 – 1901 காலத்துக்கு உரியது எனலாம்.

ஒரு வீட்டை மதிப்பிடுவோர் முதலில் அதன் தூண்களை நோக்குதல் வழக்கம். அது பிழை. முதலில் நோக்கவேண்டியது காற்றையும் மழையையும் ஆகும். திருகோணமலை இருவகைக் காற்றுக்களின் ஊர். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்று கடலிலிருந்து மழையைச் சுமந்து வந்து சுவர்களில் அறையும். வைகாசி முதலாக வீசும் கச்சான் காற்றோ மேற்கே காட்டு நிலத்தைக் கடந்து வெம்மையும் வறட்சியும் கொண்டு வரும். ஒன்று சுவரை ஊறவைக்கும். மற்றையது மரத்தை வெடிக்கவைக்கும். இவ்விரண்டுக்கும் ஈடுகொடுக்க வல்லதே இவ்வூரில் நல்ல வீடு. இவ்வளவுகோல் கொண்டு அளந்தால், கோட்டை மனைகள் பெரும்பாலும் தேறிவிடுகின்றன.

அவற்றின் அமைப்பு எளிமையானது. நிலமட்டத்தினின்றும் உயர்த்திய அடித்தளம். அதன்மேல் தடித்த சுவர். சுவரைச் சூழ்ந்து அல்லது முன்னும் பின்னுமாக அகன்ற விறாந்தை. விறாந்தைக்கு மேலாகத் தாழ்ந்திறங்கும் ஓட்டுக்கூரை. உள்ளே உயர்ந்த முகடு. எதிரெதிராக அமைந்த வாயில்களும் சாளரங்களும். விறாந்தையின் பயன் நிழல் மாத்திரம் அன்று. வாடைமழை சுவரைத் தீண்டாதவாறு தடுப்பதும், கச்சானின் சூடு அறையினுள் நேரே புகாதவாறு தணிப்பதும் அதன் தொழில். சாய்ந்த மரத்தகடுகளை அடுக்கிச் செய்த சாளரக் கதவுகள் வெயிலை விலக்கிக் காற்றை மட்டும் உள்ளே விடுவன. முகட்டின் உயரம் சூடேறிய காற்று மேலே எழுவதற்கு இடமளிப்பது. இத்தனையும் அலங்காரம் அல்ல. தேவையிற் பிறந்த வடிவங்கள். தேவையிற் பிறந்த வடிவமே நெடுநாள் நிற்கும் என்பது கட்டடக் கலையின் அடிப்படை உண்மைகளுள் ஒன்று.

இவ்வடிவத்தின் தோற்றம் பற்றிச் சுவையான செய்தி ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும், காய்ச்சல் கெட்ட காற்றினாலே வருகின்றது என மருத்துவர் நம்பினர். மலேரியா என்னும் சொல்லின் பொருளே கெட்ட காற்று என்பதாகும். 1857ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்குப் பின்னர், இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையின் சுகாதார நிலையை ஆராய அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. புளோரன்ஸ் நைற்றிங்கேலின் பெருமுயற்சி அதன் பின்னணியில் இருந்தது. 1863இல் வெளிவந்த அதன் அறிக்கை, படைவீடுகளுக்குக் காற்றோட்டமும் இடவசதியும் இன்றியமையாதன என வலியுறுத்திற்று. உயர்ந்த தளமும், உயர்ந்த முகடும், நாற்புறக் காற்றும் ஆங்கிலேயர் ஆண்ட வெப்ப நாடுகளெங்கும் விதிபோல் வேரூன்றின. 1897இல் செக்கந்தராபாத்தில் றொனால்ட் றொஸ் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டபோது அக்கொள்கை சரிந்தது. ஆயினும், அக்கொள்கை ஈன்ற வீடு சரியவில்லை. நோய்க்கு அது மருந்தாகாவிடினும், வெப்பத்துக்கு அது மருந்தாயிற்று. பிழையான காரணத்தால் சரியான வீடு கட்டப்பட்டது என்றே சொல்லல் வேண்டும்.

இனி, கட்டிய பொருள்களைக் காண்போம். இக்கரையோரத்துப் பழைய கட்டடங்களிற் கருங்கல்லும் முருகைக்கல்லும் செங்கல்லும் சுண்ணச்சாந்தினால் இணைக்கப்பட்டன. அச்சுண்ணாம்பும் கடல் தந்த முருகைக்கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டுப் பெற்றதே. மரமோ திருகோணமலைக் காடுகளின் கொடை. பாலை, முதிரை, சமண்டலை என்பன இம்மாவட்டத்தின் புகழ்பெற்ற மரங்கள். அவற்றுள் சமண்டலை, ஆங்கிலேயரின் மரவாணிகத்தில் திருகோணமலை மரம் என்றே பெயர் பெற்றது. ஓடு மட்டும் பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்தது. 1865இல் மங்களூரில் பாசல் மிசன் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் விளைவாகத் தட்டையோடுகள் கடல் கடந்து இலங்கைக்கு வந்தன. மக்கள் அவற்றைக் கள்ளிக்கோட்டை ஓடு என்றனர். ஆகவே திட்டம் ஆங்கிலேயருடையதாயினும், கல்லும் மரமும் சுண்ணாம்பும் இம்மண்ணின் உடைமை. அவற்றை அடுக்கிய கைகளும் இந்நாட்டுத் தொழிலாளர் கைகளே.

அத்தொழிலாளரின் பெயர் ஒன்றேனும் மனைகளின் மேல் இல்லை. 1800ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்து தங்கிய ஆதர் உவெல்லெஸ்லி, பின்னாளில் உவெலிங்டன் கோமகனாகி நெப்போலியனை வென்றவர், தம் பெயரைக் கோட்டையினுள் ஒரு வீட்டுக்கு ஈந்து சென்றார். அங்கே தங்கியவர் பெயர் நிலைத்தது. கட்டியவர் பெயர் மறைந்தது. இதற்கு மாறாக, திருகோணமலை என்னும் பெயர் தாங்கி 1817இல் பம்பாயில் தேக்கினாற் கட்டப்பட்ட போர்க்கப்பல் ஒன்று இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறையிற் காக்கப்பட்டு வருகின்றது. அதனை அமைத்த பார்சித் தச்சராகிய ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் பெயரும் உடன் போற்றப்படுகின்றது. மரக்கலத்தைச் செய்த தச்சனுக்குக் கிடைத்த நீதி, மனையைச் செய்த தச்சனுக்குக் கிடைக்கவில்லை.

மேற்கூறியன சிறப்புக்கள். குறைகளையும் மறைத்தல் ஆகாது. இவ்வீடுகளை நம்மவரின் நாற்சார் வீட்டோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும். நாற்சார் வீடு உள்ளே ஒரு முற்றத்தைக் கொண்டு அதனைச் சுற்றி வளர்வது. வானமும் மழையும் அதன் நடுவில் இறங்கும். திருமணமும் பொங்கலும் அம்முற்றத்திலே நிகழும். குடும்பம் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி வாழும். கோட்டை மனையோ வெளிநோக்கி நிற்பது. அதன் விறாந்தையில் அமர்ந்தவர் கண் துறைமுகத்தையும் கப்பலையும் காவலையும் நோக்கும். ஒன்று வாழ்வதற்கான வீடு. மற்றது மேற்பார்வை செய்வதற்கான வீடு.

இன்னொரு குறை இதனினும் பெரிது. இம்மனையின் குளிர்ச்சி ஆளணியின்றி நிறைவு பெறாது. அக்கால அதிகாரியின் இல்லத்தில் முகட்டில் தொங்கிய பங்காவை ஆட்டுவதற்கு வெளியே ஒருவன் நாள் முழுவதும் கயிற்றை இழுத்தல் வேண்டும். அடுக்களையும் வேலையாளர் குடில்களும் புகையும் மணமும் வாராத தொலைவிற் பின்புறத்தே ஒதுக்கப்பட்டன. முன்விறாந்தையின் அகலத்தை அளப்பவர், பின்புறக் குடிலின் ஒடுக்கத்தையும் அளந்தாலன்றி அளவு முற்றுப்பெறாது. ஒரு மனையின் அழகு பற்றிப் பேசுவோர் இதனை மறப்பாராயின், அவர் தீட்டுவது புகழுரையேயன்றி மதிப்பீடு ஆகாது.

இவ்வாறு குறையும் நிறையும் உடைய இம்மனைகள் தனித்தனியே நோக்கின் பெருங்கலைப் படைப்புக்கள் அல்ல. அவற்றுள் ஒன்றைப் பெயர்த்து வேறோரிடத்தில் வைத்தால் யாரும் வியந்து நிற்கமாட்டார். அவற்றின் அழகு வரிசையில் உள்ளது. ஒரே சாய்வில் இறங்கும் கூரைகள், ஒரே இடைவெளியில் நிற்கும் தூண்கள், ஒரே அளவில் விழும் நிழல்கள் என்னும் இவை மீண்டும் மீண்டும் வருதலால் ஓர் ஒழுங்கு பிறக்கின்றது. செய்யுளில் ஒரு சீர் தனியே நின்று இன்பம் தராது. அடியில் அமையும்போதே ஓசை பிறக்கும். அதுபோல்வதே வரிசைமனையின் இயல்பும். ஆதலால் ஒரு வீட்டின் ஓட்டைக் களைந்து தகரம் வேய்ந்தாலும், ஒரு விறாந்தையைச் சுவரெழுப்பி அறையாக்கினாலும், பழுதுபடுவது அவ்வீடு மட்டும் அன்று. வரிசை முழுவதும் தளை தட்டிவிடுகின்றது.

இவ்வுண்மையை ஆங்கிலேயரே தம் நாட்டில் மிகத் தாமதித்தே உணர்ந்தனர். இலண்டனின் மேற்குப் புறத்தில் பெட்போட் பார்க் என்னும் குடியிருப்பு 1875இல் தொடங்கப்பட்டது. நோமன் சோ என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அதன் மனைகள் பலவற்றை வரைந்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வீடுகள் பழையன எனக் கருதப்பட்டுச் சில இடிக்கப்பட்டன. அரண்மனை போன்ற ஒற்றைக் கட்டடத்தைக் காக்க அறிந்த சட்டம், தெருவொன்றைக் காக்க அறியாதிருந்தது. ஆகவே அங்கு வாழ்ந்த மக்களே 1963இல் ஒரு சங்கம் அமைத்து வாதாடினர். அதன் பயனாக 1967இல் 356 வீடுகள் ஒருங்கே பாதுகாப்புப் பட்டியலில் ஏறின. தெருக்களையும் குடியிருப்புக்களையும் முழுமையாகப் பேணற்குரிய பகுதிகளென அறிவிக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் இயற்றப்பட்டது. அங்கே வென்றது ஒரு வீட்டின் பெருமை அன்று. அயல்வீட்டோடு அதற்குள்ள உறவு.

இலங்கையின் நிலை யாது? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதிக்கு முற்பட்டனவற்றையே இயல்பாகப் பழைமைச் சின்னம் எனக் கொண்டது. அது கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். அரசியல் வரலாற்றுக்கு அது பொருத்தமான எல்லைக்கோடு. கட்டடக் கலைக்கோ பொருந்தாத கோடு. அதன்படி, கோட்டையின் மதில் முற்பட்டதாதலாற் பழைமைச் சின்னமாயிற்று. மதிலுள் விக்டோரியா காலத்தில் எழுந்த மனை பிற்பட்டதாதலால் வெறுங்கட்டடமாயிற்று. பிற்பட்டனவற்றை அரசு தனித்தனியே அறிவித்துக் காக்கலாம் என்னும் வழி உண்டு. ஆயினும் அறிவித்தல் பெரும்பாலும் ஒற்றைக் கட்டடத்தை நாடுமேயன்றி வரிசையை நாடுவது அரிது. நகரின் உட்துறைமுகப் பக்கத்தே, ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளரின் இல்லமெனக் கருதப்படும் மாளிகை ஒன்று புதுக்கப்பட்டு, கடல்சார் அருங்காட்சியகமாகத் திகழ்கின்றது. அது பாராட்டத் தக்கது. ஒல்லாந்தர் மாளிகைக்குக் கிடைத்த அக்கண்ணோட்டம் பிற்கால மனை வரிசைகளுக்கும் கிடைத்தல் வேண்டும். 1988இல் உலக மரபுரிமை நகரெனக் கொள்ளப்பட்ட காலிக் கோட்டை, தெருவும் வீடும் மதிலுமாக ஒருங்கே பேணப்படுகின்றது. காலிக்குப் பொருந்திய நெறி கோணமலைக்குப் பொருந்தாதது ஏன்?

இவ்விடத்தே நேர்மையான மறுப்பு ஒன்று எழும். கோணேசர் கோயிலின் கற்களால் எழுந்தது இக்கோட்டை. கோயிலை இழந்த சைவ மக்கள் மூன்று நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருந்து, 1963இலே திருப்பணி நிறைவேறிக் குடமுழுக்குக் கண்டனர். அவ்வாறிருக்க, வந்தேறியவர் வாழ்ந்த வீடுகளை நாம் ஏன் காத்தல் வேண்டும்? அவை தாமே அழியின் நமக்கு இழப்பு யாது? இவ்வினாவை எளிதில் ஒதுக்குதல் முறையன்று. அதன் பின்னே ஆறாப் புண் ஒன்று உள்ளது.

எனினும், கோட்டை வாயிலே இதற்கு விடை பகர்கின்றது. வாயில் நிலைக்கல்லிலே மீன் சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் காணப்படுகின்றன. குளக்கோட்டனோடு மரபு தொடர்புறுத்தும் அக்கல், இடித்தவர் தம் தேவைக்காகப் பதித்த கல். அவர்கள் அதனைக் காக்க எண்ணியவர் அல்லர். ஆயினும் அவர்கள் எழுப்பிய சுவரே அதனைக் காத்தது. அச்சுவர் வந்தேறியவருடையது என்று வெறுத்து ஒருநாள் அதனை இடித்திருப்போமாயின், நம் கல்வெட்டையும் நாமே இழந்திருப்போம். பகைவன் கட்டியதிலும் நம் சான்று ஒளிந்திருக்கும் என்பதே அவ்வாயில் புகட்டும் பாடம்.

தமிழ் மொழியும் இதனையே புகட்டுகின்றது. ஜன்னல், சாவி, மேசை, கதிரை, அலுமாரி என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். கந்தோரும் இஸ்தோப்பும் ஒல்லாந்தர் தந்தவை. அவற்றைத் தந்தவரின் ஆட்சியை நாம் ஏற்கவில்லை. சொற்களையோ வீட்டினுள் வைத்துப் பயன்கொண்டோம். இவ்வீட்டுச் சொற்களால் தமிழ் தாழ்ந்துவிடவில்லை. நம் கல்லாலும் நம் மரத்தாலும் நம் தொழிலாளர் உழைப்பாலும் ஆகிய மனைகளைக் காப்பதனால் நம் மானம் எவ்வாறு தாழும்?

ஆயின், ஒரு நிபந்தனை உண்டு. அதிகாரியின் மனையை மட்டும் காத்து, ஏவலனின் குடிலை இடிப்பது பாதுகாப்பு ஆகாது; அது பழைய மேலாண்மையை மறுபடியும் போற்றுவதாகவே முடியும். இக்கருத்தைத் தெளிவுபடுத்த, இந்நாட்டின் மற்றொரு வரிசைமனையையும் ஈண்டு நினைத்தல் பொருத்தமாகும். அதுதான் மலையகத்து லயன். அதே அரசியின் காலத்தில், முதலிற் கோப்பிக்கும், 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துறையில் தேயிலை பயிரிட்ட பின்னர் தேயிலைக்குமாகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்க்கு அவ்வரிசைகள் எழுப்பப்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஓர் அறை ஒரு குடும்பத்துக்கு உரியதாயிற்று. அதே காலத்தில், 1851 முதலாக, இங்கிலாந்தின் யோக்சயரில் ரைற்றஸ் சோல்ற் என்னும் ஆலை முதலாளி தம் தொழிலாளர்க்குச் சோல்ற்றெயர் என்னும் ஊரைக் கட்டினார். அங்கே வரிசையில் நின்ற ஒவ்வொரு வீட்டுக்கும் தனிவாயிலும் அடுக்களையும் படுக்கையறையும் பின்முற்றமும் இருந்தன. அவ்வூர் 2001இல் உலக மரபுரிமையாயிற்று. ஓர் அரசியின் ஆட்சி யோக்சயர்த் தொழிலாளிக்கு வீடு தந்தது. மலையகத் தொழிலாளிக்கு அறை தந்தது. இவ்வேறுபாட்டைக் கல்லிலும் தகரத்திலும் எழுதி வைத்திருப்பவை லயன்களே. கம்பளைக்கு அருகே பழைய லயன் வரிசையொன்று தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கப்பட்டிருத்தல் இதனை உணர்ந்தோர் செயலாகும். மக்கள் லயனை விட்டு நல்ல வீடு புகுதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்பதற்குச் சான்றாகச் சிலவேனும் நிற்றல் வேண்டும்.

அங்ஙனமே கோணமலையிலும் விறாந்தையும் பின்குடிலும், முன்வாயிலும் ஏவலர் வழியும் ஒருங்கே காக்கப்படின், அவ்வரிசை வரலாற்றை முழுமையாக உரைக்கும். கோட்டை இராணுவத்தின் பொறுப்பிலும், தளப்பகுதி கடற்படையின் பொறுப்பிலும் இன்று உள்ளன. ஆட்கள் வாழ்ந்து பயன்கொள்ளும் கட்டடம் எளிதில் இடிந்து வீழாது என்பது நன்மையே. ஆனால் பயன்பாட்டின் பெயரால் வரும் திருத்தங்களே பழைய வீட்டுக்குப் பெரும்பகை. சுண்ணச்சாந்துச் சுவரின்மேற் சீமெந்து பூசுதல் நாடெங்கும் காணப்படும் தவறு. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியிடும். சீமெந்தோ அதனை உள்ளே அடைத்துவிடும். கடற்கரைச் சுவரில் அடைபட்ட ஈரம் உப்பாய்ப் பூத்துக் கல்லை உள்ளிருந்தே அரிக்கும். காப்பதாக எண்ணிப் பூசும் பூச்சே சுவருக்குக் கேடாய் முடிகின்றது.

ஆதலின் வேண்டுவன மிகப் பல அல்ல. ஒவ்வொரு மனையையும் அளந்து படம் வரைந்து வைத்தல். சுண்ணச்சாந்தும் இந்நிலத்து மரமும் கொண்டே பழுது நீக்குதல். சுண்ணாம்பு குழைக்கவும் மரத்தகட்டுச் சாளரம் செய்யவும் அறிந்த முதியோர் மறைவதற்குள் இளையோர் அத்தொழிலைப் பயிலுதல். தனிவீட்டையன்றி வரிசையைச் சட்டத்தின் கண்முன் நிறுத்துதல் என்பனவே அவை. இவற்றுள் முதலாவதைப் பொறுப்பாளரின் அனுமதி பெற்று மாணவரும் செய்யலாம். அளவுகோலும் தாளும் பொறுமையும் இருப்பின் போதும்.

கலையை மதிப்பிடுவோர்க்கு விருப்பு வெறுப்பற்ற நெஞ்சம் வேண்டும் என்பர். அதனினும் வேண்டுவது, வெறுப்புக்கு உரியதிலும் உண்மையைத் தேடும் நெஞ்சம். கோட்டை மனைகள் ஆண்டவரின் பெருமையைப் பறைசாற்றக் கட்டப்பட்டன. இன்றோ கட்டியவரின் திறமைக்கும் ஏவலரின் துயருக்கும் அவை சான்றாகி நிற்கின்றன. கோணேசரை வணங்கி மலையிறங்கும் அடியார் ஒரு கணம் நின்று அவ்விறாந்தையின் வளையையும் கைமரத்தையும் நோக்குவாராக. அவற்றைச் செதுக்கிய தச்சனின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவன் கைவண்ணமோ இன்னும் அங்கே உள்ளது.